கர்ணனுக்கு ஒரு கூத்து, புற்றுநோயாளிக்கு ஓர் ஆல்பம்!

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கூரம், வைணவர்களுக்குக் கூரத்தாழ்வான் பிறந்த ஊர். வரலாறு படிப்பவர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் ஒரு செப்பேடு ஞாபகம் வரும். 7-ம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்மன் என்ற பல்லவ மன்னன் கோயிலுக்கு நிலம் விட்ட கணக்கு அதில் இருக்கிறது. நிலத்தைப் பங்கு போட்டுக் கொடுக்கிறார்கள். பூசைக்கு இவ்வளவு, மண்டபத்தில் தண்ணீரும் தீயும் வைப்பவருக்கு ஒரு பங்கு என்று போகிற பட்டியலில், அதே மண்டபத்தில் உட்கார்ந்து பாரதம் வாசிப்பவருக்கும் ஒரு பங்கு!

சுமார் 1,300 வருடங்களுக்கு முன்னால் ஊரார் கதை கேட்பதற்கென்று நிலம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதுவும் என்ன கதை? பீஷ்மர், அபிமன்யு, துரோணர், கர்ணன், துரியோதனன் என்று வரிசையாக எல்லோரும் செத்துப்போகிற கதை.

அந்தப் பழக்கம் இந்தப் பக்கத்தில் இன்னும் விட்டுப்போகவில்லை. காஞ்சிபுரம், திருவண்ணாமலை, வேலூர், விழுப்புரம் வட்டாரங்களில் திரௌபதி அம்மன் கோயில் இருக்கிற ஊர்களில் பாரத விழா நடக்கும். பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. கடைசி நாள் காலையில் மண்ணால் செய்த பிரமாண்டமான துரியோதனனைப் படுக்கவைத்துப் படுகளம், சாயங்காலம் தீமிதி. திருவிழாவில் மட்டுமா? வட தமிழ்நாட்டுக் கிராமங்களில் யாராவது இறந்துபோனால், கருமாதிக்கு முந்தின இரவு 'கர்ண மோட்சம்' கூத்து வைக்கிற வழக்கமும் உண்டு. புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும் நாடகம் அது. 17-ம் நாள் போருக்குப் புறப்படும் கர்ணன், தன்னைப் பிறப்பைச் சொல்லி வெறுத்த மனைவி பொன்னுருவியிடம் விடைபெறுகிற இடம் வரும்போது, இறந்தவரின் வீட்டுப் பெண்கள் பந்தலுக்கு அடியில் உட்கார்ந்து தங்கள் சொந்தத் துக்கத்துக்கே அழுவார்கள். கர்ணன் விடிகாலையில்தான் சாவான். அதுவரை யாரும் எழுந்து போவதில்லை. நடுவில் தூங்கிவிட்டாலும் கர்ணன் விழும் நேரத்துக்கு எழுப்பிவிடச் சொல்லிவிட்டுத்தான் தூங்குவார்கள்.

ஒரு சாவை எடுத்து, வேடம் கட்டி, பாட்டுக்குப் பாட்டு கோத்து, ஊர் நடுவே நிறுத்திவைக்கிற இதே வேலையை அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் தொடங்கிய ஒரு குழுவின் ஐந்து இளைஞர்கள் 2006-ல் செய்தார்கள். இசைக்குழுவின் பெயர் 'மை கெமிக்கல் ரொமான்ஸ்'. ஆல்பத்தின் பெயர் 'தி பிளாக் பரேட்', அதாவது கறுப்பு அணிவகுப்பு. 2026 அக்டோபரில் அதற்கு 20 வயது. அது வந்தபோது பாட்டில் எறிந்தார்கள், பிறகு பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று பத்திரிகையில் எழுதினார்கள். இன்றைக்கு அதை முழுசாகப் பாடிக் காட்டினால் ஸ்டேடியம் நிரம்புகிறது. உங்கள் வீட்டுப் பிள்ளை காதில் இயர்போனோடு கதவைச் சாத்திக்கொண்டு கேட்பதும் இதுவாக இருக்கலாம் என்பதால், இதைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகவே பார்த்துவிடலாம்.

எமோ என்றால் என்ன?

1980-களில் வாஷிங்டன் நகரத்து பங்க் இசைக்குழுக்கள் சில, ஊரையும் அரசாங்கத்தையும் திட்டிக்கொண்டிருந்த பாட்டை விட்டுவிட்டுத் தங்கள் மனசின் காயத்தைப் பாட ஆரம்பித்தன. 'எமோஷனல்' என்ற சொல்லைச் சுருக்கி அதற்கு 'எமோ' என்று பெயர் வைத்துவிட்டார்கள். 2000-களில் அது பள்ளிப் பிள்ளைகளின் கோலமாகவே மாறிப்போனது. ஒரு கண்ணை மறைக்கும் கறுப்பு முடி, அப்பிய கண்மை, இறுக்கமான கறுப்பு ஜீன்ஸ். 'எமோ' என்று கூப்பிடுவதே கேலி ஆகிவிட்டதால், அந்தக் குழுவின் பாடகர் ஜெரார்ட் வே உட்படப் பலருக்கு அந்த முத்திரை பிடிக்கவே பிடிக்காது.

நமக்கு இது புரியாத சங்கதி இல்லை. 'கூத்தடிக்காதே', 'கூத்தாடிப் பயல்' என்று திட்டுகிறவர்கள்தானே நாம்? பெருங்கட்டூர் ராஜகோபால் போன்ற கலைஞர்கள் 'தெருக்கூத்து' என்ற பெயரில் இருக்கிற 'தெரு'வைப் பிடிக்காமல், வேடத்தின் மரக் கட்டைகளை வைத்துக் 'கட்டைக்கூத்து' என்றே சொல்ல வேண்டும் என்று வற்புறுத்தினார்கள். 1990-ல் அவரும் ஹன்னே டி பிரான் என்ற டச்சுக்கார ஆய்வாளரும் கலைஞர்களோடு சேர்ந்து காஞ்சிபுரத்தில் கட்டைக்கூத்துச் சங்கத்தை நிறுவினார்கள். பிறகு காஞ்சிபுரத்தை ஒட்டிய புஞ்சையரசன்தாங்கலில் குருகுலமும் நடந்தது. ஆண்களே ஆடிவந்த கூத்தைப் பெண் பிள்ளைகளும் அங்கே கற்றுக்கொண்டு ஆடினார்கள்.

ஒரே நூலில் கோத்த பாட்டுகள்

'கான்செப்ட் ஆல்பம்' என்பது பாட்டுகள் எல்லாம் சேர்ந்து ஒரே கதையையோ ஒரே எண்ணத்தையோ சொல்லும் இசைத்தட்டு. இங்கிலாந்தின் பிங்க் ஃபிளாய்ட் 1979-ல் வெளியிட்ட 'தி வால்' இதற்குப் பெயர் போனது. சினிமாப் பாட்டைத் தனித்தனியாகக் கேட்டுப் பழகிய நமக்கு இந்த வகை அவ்வளவாகப் பழக்கமில்லை. இளையராஜா 2005-ல் புடாபெஸ்ட் இசைக்குழுவோடு வெளியிட்ட திருவாசகத்தை இதற்குப் பக்கத்தில் வைக்கலாம். மற்றபடி, ராத்திரி முழுக்க ஒரு கதையைப் பாட்டிலேயே கேட்கிற கூத்து ரசிகருக்குக் 'கான்செப்ட் ஆல்ப'த்தை யாரும் விளக்க வேண்டியதில்லை!

'பிளாக் பரேட்' கதை இதுதான். 'நோயாளி' என்று மட்டும் அழைக்கப்படும் ஓர் இளைஞன் புற்றுநோயில் செத்துக்கொண்டிருக்கிறான். மரணம் ஒவ்வொருவருக்கும் அவரவருடைய மிக இனிய நினைவின் உருவத்தில் வரும் என்பது ஜெரார்ட் வேயின் கற்பனை. இந்த நோயாளிக்கு அந்த நினைவு, சின்ன வயதில் அப்பா கைப்பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டிய ஒரு பேண்டு வாத்திய அணிவகுப்பு. ஆகவே மரணமும் அவனிடம் டிரம் அடித்துக்கொண்டு, கறுப்பு யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு வருகிறது. பறையும் பூப்பல்லக்குமாக ஆட்டத்தோடு அனுப்பிவைக்கிற நம் ஊர்க்காரர்களுக்கு இது எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது பாருங்கள்.

முதல் பாட்டின் பெயரே 'முடிவு'. மருத்துவமனை மானிட்டரின் 'பீப்... பீப்...' சத்தத்தில் ஆல்பம் ஆரம்பிக்கிறது. ஆல்பத்தின் பெயரைத் தாங்கிய ஐந்தாவது பாட்டு பியானோவில் ஒற்றை சுரத்தில் தொடங்கி, மெதுவாக டிரம் சேர்ந்து, பாதி வழியில் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும் காளையாகப் பாய்கிறது. 'மாமா' என்ற பாட்டு, போரில் சாகும் மகன் தாய்க்கு எழுதும் கடிதம் மாதிரி. அதில் தாயின் குரலாகச் சில வரிகள் பாடியிருப்பவர் 'கேபரே' படத்தில் நடித்து ஆஸ்கர் வாங்கிய லைசா மினெல்லி. குண்டு விழும் ஓசைக்கு நடுவே அந்த முதிர்ந்த குரல் வரும்போது, கர்ணனை மடியில் போட்டுக்கொண்டு அழும் குந்தி எனக்கு ஞாபகம் வராமல் இருந்ததில்லை.

ஆனால், இந்த ஆர்ப்பாட்டத்துக்கெல்லாம் நடுவில் எனக்கு முக்கியமாகப் படுவது 'கேன்சர்' என்ற சின்னப் பாட்டு. இரண்டரை நிமிடம்கூட வராது. பியானோ, குரல், கொஞ்சம் டிரம், அவ்வளவுதான். காய்ந்த உதட்டுக்குத் தண்ணீர் கேட்கிறான், முடி கொட்டியதைச் சொல்கிறான், பிரியமானவர்களை விட்டுப் போவதுதான் கஷ்டம் என்கிறான். அலங்காரம் ஏதும் இல்லை. காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. 1969-ல் அண்ணாவையே கொண்டுபோன நோய் அது. அந்த மருத்துவமனை வராந்தாவில் பாயும் தூக்குவாளியுமாக ஒரு வாரம் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இந்தப் பாட்டை மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டாம்.

பேய் பங்களாவும் வெள்ளை முடியும்

ஜெரார்ட் வே ஓவியக் கல்லூரியில் படித்தவர். 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் விழுவதைப் பார்த்த பிறகுதான், வாழ்க்கையில் உருப்படியாக ஏதாவது செய்ய வேண்டும் என்று இசைக்குழு ஆரம்பித்தார். 2004-ல் வந்த இரண்டாவது ஆல்பத்தில், தன்னைப் பாடவும் வரையவும் பழக்கிய பாட்டி இறந்த துக்கத்தை 'ஹெலினா' என்று பாட்டாக்கினார். ஆக, மரணம் அவருக்கு ஃபேஷனாக வந்து ஒட்டிக்கொண்டது இல்லை.

மூன்றாவது ஆல்பத்தின் பாட்டுகளை எழுத லாஸ் ஏஞ்சலஸில் 'பாரமோர்' என்ற பழைய பங்களாவில் தங்கினார்கள். பேய் உலாவும் வீடு என்று பேச்சு. பேயைவிட மோசமானது ஒன்று அங்கே நடந்தது. ஜெரார்டின் தம்பியும் குழுவின் பேஸ் கிட்டார் கலைஞருமான மைக்கி வே கடுமையான மனச்சோர்வுக்கு ஆளாகி, நடுவிலேயே அங்கிருந்து கிளம்பிச் சிகிச்சை எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. ஆல்பத்தின் கடைசிப் பாட்டான 'ஃபேமஸ் லாஸ்ட் வேர்ட்ஸ்' அந்த நாட்களில் பிறந்தது. உயிரோடு இருக்கப் பயமில்லை என்று பிடிவாதமாகச் சொல்கிற பாட்டு அது. இந்த விவரத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வேடம் கட்டுவதில் அவர்கள் குறை வைக்கவில்லை. ஜெரார்ட் தன் நீளமான கறுப்பு முடியை ஒட்ட வெட்டி, நோயாளியின் தலைபோல வெளுக்கச் செய்துகொண்டார். எலும்புக்கூட்டின் விலா மாதிரி வெள்ளைக் கோடு போட்ட கறுப்பு பேண்டு உடைகளை வடிவமைத்தவர், ஹாலிவுட்டின் ஆஸ்கர் விருது பெற்ற உடையலங்காரக் கலைஞர் காலீன் ஆட்வுட். 2006 ஆகஸ்ட்டில் லண்டன் நிகழ்ச்சியில், 'இன்று மை கெமிக்கல் ரொமான்ஸ் வரவில்லை, அவர்களுக்குப் பதிலாக வேறொரு குழு பாடும்' என்று அறிவித்தார்கள். கூட்டம் கடுப்பாகிக் கத்தியது. மேடையில் 'பிளாக் பரேட்' என்ற பெயரில் வந்தவர்கள் அதே ஐவர்தான்! கட்டை கட்டி, முகத்தில் அரிதாரம் பூசி, திரைக்குப் பின்னாலிருந்து பாடிக்கொண்டே வெளிவருகிறவர் அந்த ராத்திரிக்குக் கர்ணன்தான் என்று ஒப்புக்கொள்கிற ஊராக இருந்தால் கத்தியிருக்காது.

பாட்டில் வீச்சும் பாராட்டும்

அதே மாதம் இங்கிலாந்தின் ரீடிங் இசைத் திருவிழாவில் இவர்கள் மேடையேறியதும் பாட்டில்கள் பறந்து வந்தன. கனரக மெட்டல் ரசிகர்களுக்குக் கண்மை பூசிய இந்தப் பையன்கள் ஆகவில்லை. ஜெரார்ட் ஓடிப்போகாமல், எறிவதாக இருந்தால் எறியுங்கள் என்று நின்று பாடி முடித்தார்.

அக்டோபர் 23-ல் இங்கிலாந்திலும் மறுநாள் அமெரிக்காவிலும் ஆல்பம் வெளியானது. இரண்டு நாட்டு விற்பனைப் பட்டியல்களிலும் முதல் வாரமே இரண்டாம் இடம். தலைப்புப் பாட்டு இங்கிலாந்தில் முதலிடத்துக்கே போனது. விமர்சகர்களில் பெரும்பாலோர் பாராட்டினார்கள். குவீன் குழுவையும் டேவிட் போவியையும் பார்த்து எழுதியது, எல்லாமே ஓவர் என்று உதட்டைப் பிதுக்கியவர்களும் உண்டு. ஓவர்தான், மறுக்கவில்லை. ஆனால், ராத்திரி முழுக்க ஊரை விழித்திருக்க வைக்க வேண்டுமானால் முணுமுணுப்பாகப் பாடினால் நடக்குமா?

இந்த ஆல்பத்துக்கு வந்த உண்மையான சோதனை 2008-ல். மார்ச் மாதம் மெக்சிகோவின் கெரெத்தாரோ நகரத்தில் எமோ கோலத்தில் இருந்த பிள்ளைகளைக் கும்பலாகச் சேர்ந்து அடித்தார்கள். முந்தைய வருடம் இங்கிலாந்தில் 13 வயதுச் சிறுமி ஒருத்தி தன் உயிரை மாய்த்துக்கொண்டிருந்தாள். அவள் இந்தக் குழுவின் ரசிகை என்பது விசாரணையில் பேசப்பட்டது. 'டெய்லி மெயில்' பத்திரிகை எமோவைத் தற்கொலையைப் போற்றும் கூட்டம் என்றே எழுதியது. செத்த பிறகு போகிற இடத்துக்குத்தான் 'பிளாக் பரேட்' என்று பெயர் என ரசிகர்கள் நம்புவதாகவும் சொன்னது. மே 31 அன்று லண்டனில் அந்தப் பத்திரிகையின் அலுவலக வாசலில் ரசிகர்கள் கூடினார்கள். பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். இந்தப் பாட்டுகள் எங்களைச் சாகச் சொல்லவில்லை, இருக்கச் சொன்னது என்பதுதான் அவர்கள் கட்சி. குழுவும் அந்தச் சிறுமியின் குடும்பத்துக்கு அனுதாபம் தெரிவித்து, தாங்கள் எப்போதும் வன்முறைக்கும் தற்கொலைக்கும் எதிரானவர்கள் என்று அறிக்கை விட்டது. மனசு சரியில்லாத பிள்ளைகள் நம்பிக்கையானவர்களிடம் பேச வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டது.

இந்த இடத்தில் பெற்றோரின் பயத்தை அசட்டுத்தனம் என்று நான் தள்ளிவிட மாட்டேன். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் காரணம் தேடத்தான் செய்வார்கள். ஆனால், அந்தப் பத்திரிகை ஆல்பத்தைக் கடைசிப் பாட்டுவரை கேட்டிருந்தால் அப்படி எழுதியிருக்காது என்றுதான் படுகிறது. உடையின் நிறத்தோடு நின்றுவிட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், அதே ஆல்பத்தில் 'டீனேஜர்ஸ்' என்ற பாட்டு, பதின்வயதுப் பிள்ளைகளைக் கண்டாலே பெரியவர்களுக்கு வரும் பயத்தைப் பற்றியது! நியூயார்க் ரயிலில் ஒரு பள்ளிக்கூடக் கும்பலுக்கு நடுவே தானே பயந்துபோன அனுபவத்திலிருந்து ஜெரார்ட் எழுதியது.

கருமாதி வீட்டில் கர்ண மோட்சம் வைத்ததால் யாராவது சாவை விரும்பினார்கள் என்று நாம் சொல்கிறோமா? வட சென்னையில் சாவு வீட்டில் இரவெல்லாம் பாடுகிற மரண கானாவைக் கேட்டு யாரும் அப்படி ஆகிவிடவில்லை. துக்கத்தைத் தூக்கிக்கொண்டு நிற்க அங்கே ஒரு தெருவே இருக்கும். 2018 ஜனவரியில் பா.இரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 'காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவை மேடையேற்றியபோது, கோட் சூட்டோடு வந்து நின்றவர்கள் அந்த கானாவையும் பறையையும் ராக் கிட்டாரோடு சேர்த்தே பாடினார்கள். திறந்தவெளியில் உட்கார்ந்து கேட்ட கூட்டம் ஆடியது. மேற்கத்திய நகரத்துப் பிள்ளைக்குப் பெரும்பாலும் அந்தத் தெரு கிடையாது. இருந்தது ஒரு பூட்டிய அறையும் இந்த மாதிரி ஓர் ஆல்பமும்தான்.

இப்போது நம் பிள்ளைகளும் அந்த அறைக்குள் போய்க்கொண்டிருக்கிறார்கள். பாட்டைப் பற்றிக் கேட்பது, போனைப் பிடுங்குவதைவிட நல்ல ஆரம்பம். 'இதில் யாருப்பா சாகிறது?' என்று கேட்டுப் பாருங்கள். கதை முழுக்கச் சொல்வார்கள். சாப்பாடு, தூக்கம், நண்பர்கள் எல்லாவற்றையும் விட்டு ஒதுங்கியிருந்தால் அது பாட்டு விஷயம் இல்லை. அப்போது 14416 என்ற டெலி மானஸ் எண்ணிலோ 104-லோ கூப்பிடலாம். தமிழிலேயே பேசுவார்கள், கட்டணம் இல்லை.

ஒற்றை சுரம்

2007 அக்டோபரில் மெக்சிகோ நகரில் 'பிளாக் பரேட்' வேடத்தைக் கலைத்துவிட்டார்கள். 2013-ல் குழுவே கலைந்தது. ஆல்பம் கலையவில்லை. 2016 ஜூலையில் குழுவின் பக்கத்தில் சின்ன வீடியோ ஒன்று வந்தது. அந்தத் தலைப்புப் பாட்டின் முதல் பியானோ சுரம் ஒரே ஒருமுறை ஒலித்ததும் உலகம் பூராவும் ரசிகர்கள் அழுது புரண்டார்கள். மறுபடி சேர்ந்து பாடப் போகிறார்கள் என்று நினைத்துவிட்டார்கள். வந்ததோ 10-ம் ஆண்டு மறுவெளியீட்டு அறிவிப்பு. இன்றும் அந்த ஒற்றை சுரத்தை எங்கே அழுத்தினாலும் ரசிகர்கள் திரும்பிப் பார்ப்பது ஒரு ஜோக்காகவே ஆகிவிட்டது. முகவீணை முதல் ஊது ஊதியதும் திண்ணையில் படுத்திருக்கும் தாத்தா எழுந்து துண்டை உதறுவாரே, அந்த மாதிரி.

2019 டிசம்பரில் குழு நிஜமாகவே திரும்பியது. 2020-ல் 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகை தன் 500 சிறந்த ஆல்பங்களின் பட்டியலில் இதைச் சேர்த்தது. 2025-ல் அமெரிக்க ஸ்டேடியங்களில் இந்த ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிவரை நாடகமாகவே நடத்திக் காட்டினார்கள். 2006-ல் பள்ளிக்கூடத்தில் இருந்தவர்களுக்கு இப்போது 30 தாண்டிவிட்டது. அவர்களோடு இன்றைய பதின்வயதுப் பிள்ளைகளும் அதே கண்மையோடு வருகிறார்கள்.

முதல்முறை கேட்கப் போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். சில பாட்டுகளில் கெட்ட வார்த்தை வரும், குழந்தைகள் பக்கத்தில் இருந்தால் பார்த்துக்கொள்ளுங்கள். போனில் ஷஃபிளை அணைத்துவிட்டு வரிசை மாற்றாமல் கேளுங்கள். மொத்தமே ஏறக்குறைய 52 நிமிடம், ஒரு கூத்தில் கட்டியங்காரன் வந்து போகிற நேரம்கூட இல்லை. கடைசிப் பாட்டு முடிந்ததும் எழுந்துவிடாதீர்கள். பழைய சிடியில் கொஞ்ச நேர மௌனத்துக்குப் பிறகு, அட்டையில் பெயர் போடாத ஒரு பாட்டு ஒளிந்திருந்தது. 'பிளட்' என்று பெயர். மருத்துவமனையில் எத்தனை பாட்டில் ரத்தம் கொடுத்தாலும் போதவில்லை என்று, பழைய நாடகக் கொட்டகைப் பியானோவில் துள்ளிக்கொண்டு பாடுகிற கோமாளிப் பாட்டு. அவ்வளவு பெரிய சாவுக்குப் பிறகு சிரிப்பு வந்துவிடும்.